ரயில் போன பிறகு சொன்னது

எங்கள் வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பாலக்கரையில், ஜங்ஷனுக்கும் கோட்டை ஸ்டேஷனுக்கும் நடுவில் ஓடுகிற தண்டவாளத்தை ஒட்டி இருந்தது வீடு. ஒட்டி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் ஜல்லிக்கல்தான். காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். சோற்றில் கரி விழும். பொறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிடுவோம். என்னைப் பெற்ற அத்தா அப்துல் சலாம் ரயில்வேக்காரர்களுக்கு யூனிபாரம் தைக்கிற தையல்காரர். தொழிலுக்கு வசதி என்று அந்த வீட்டைப் பிடித்தார். வசதி அவருக்கு, காதுவலி எங்களுக்கு.

ரயில் வந்தால் பேச்சு நிற்கும். கத்திப் பேசிப் பார்த்துத் தொண்டை கட்டிய பிறகு எல்லாரும் கண்டுபிடித்த வழி அது. "அடுப்புல பால…" என்று அம்மா ஆரம்பிப்பாள். ரயில் வரும். அவள் வாய் அப்படியே நிற்கும். நாங்களும் நிற்போம். கடைசிப் பெட்டி போன பிறகு, "…எறக்கி வை" என்பாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும். அதற்காக யாரும் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. அத்தாவும் தையல் மிஷினை நிறுத்திவிடுவார். தரை அதிர்ந்தால் ஊசி முறியும். அவர்கள் இருவரும் சண்டை போடும்போது ரயில் வந்தால்தான் வேடிக்கை. ஓங்கிய கை ஓங்கியபடி நிற்கும். சரக்கு ரயிலாக இருந்தால் கை வலித்துத் தானாகக் கீழே இறங்கிவிடும். எத்தனையோ அடியிலிருந்து அம்மாவைச் சரக்கு ரயில் காப்பாற்றியிருக்கிறது.

என் தம்பி பேதியில் போனபோதும் அப்படித்தான். மையித்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஈரோட்டு ரயில் வந்தது. அழுகை நின்றது. கையை மாரில் வைத்தபடி, கண்ணீர் மட்டும் ஓட, அவள் காத்திருந்தாள். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. எது வந்தாலும் அது போகிறவரை அசையாமல் நிற்கவேண்டும் என்பதுதான் அந்த வீடு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அதை நான் நன்றாகவே படித்துக்கொண்டேன்.

என் நிக்காஹ் அந்த வீட்டில்தான் நடந்தது. மாப்பிள்ளை தென்னூர். பெயர் ஜெகபர் சாதிக். ஸ்ரீரங்கத்தில் லாந்தர் விளக்கும் கண்ணாடிச் சிம்னியும் விற்கிற கடை வைத்திருந்தார். நல்ல குடும்பம் என்றார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்கு வேண்டாம் என்று இருந்தது. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் கேட்கவில்லை என்பதால் அந்தச் சிரமம் வரவில்லை.

எங்களில் பெண்ணின் சம்மதம் கேட்காமல் நிக்காஹ் ஓத மாட்டார்கள். பெண்ணுக்காகப் பேச ஒரு பெரியவரை வைப்பார்கள். அவருக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட்டு வக்கீலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, திரைக்கு அந்தப் பக்கம் நின்று, இன்னார் மகன் இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். பெண் வாய் திறக்க மாட்டாள். வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். மூன்று தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, சபையில் போய்ச் சொல்லிவிடுவார். ஆக, வேண்டாம் என்கிறவள்தான் வாயைத் திறந்தாக வேண்டும். இதை நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். முதல் தரம் கேட்டதுமே வாயைத் திறந்தேன்.

"எனக்குச் சம்மதம்…" என்றேன்.

ரயில் வந்தது.

நான் நினைத்து நிறுத்தவில்லை. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து செய்துவந்தது. வாய் தானாக நின்றது. அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. திரைத்துணி ஆடியது. பெட்டி மேல் பெட்டியாக அந்த ரயில் போய்க்கொண்டே இருந்தது. வக்கீலாக வந்தவர் உறையூர்க்காரர். சாட்சிகளும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்கு என்ன தெரியும்? பெண் வாய்விட்டே சம்மதம் என்று சொல்லிவிட்டாள், இன்னும் இரண்டு தரம் எதற்கு என்று பூரித்துப்போய்த் திரும்பிவிட்டார்கள். நம்முடைய பாஷையில் வேண்டுமா வேண்டாமா என்பது கடைசியில்தான் வருகிறது. அதுவரைக்கும் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களிடம்தான் இந்தப் பாஷையைப் பேச வேண்டும்.

ரயில் போன பிறகு, "…இல்ல" என்றேன்.

அறையில் இருந்த பெண்கள் அதற்குள் கலகலவென்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அம்மா பேசவில்லை. அவள் ரயிலடி வீட்டுக்காரி. பாதியில் நின்ற பேச்சுக்கு மீதி உண்டு என்று தெரிந்தவள். என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். வெளியே ஓத ஆரம்பித்தார்கள். அம்மா என் முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுவிட்டு, பூத்தட்டைத் தேடிக்கொண்டு போனாள். அவள்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அது ஆறவும் இல்லை, கொதிக்கவும் இல்லை.

தென்னூர் வீட்டில் சத்தமே கிடையாது. மாமரம், கிணறு, கிணற்றடியில் ஒரு பூனை. ஆனால் நான் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் வாய் நின்றுவிடும். வராத ரயில் போகிறவரை காத்திருந்துவிட்டு மீதியைச் சொல்லுவேன். என் மாமியாருக்கு முதலில் பயம். புத்தி சரியில்லாத பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று. பிறகு கேலி. "டேய் சாதிக்கு, உம் பொஞ்சாதி கிராமபோனுக்குச் சாவி தீந்துபோச்சு, வந்து குடு" என்று கூப்பிடுவார். என் வீட்டுக்காரரும் வந்து நிற்பார். நல்ல மனிதர். நான் நின்ற இடத்திலிருந்து அவரே முடித்துவைப்பார்.

"இந்த மீனு…" என்பேன்.

"நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று அள்ளிப் போட்டுக்கொள்வார்.

கெட்டுப்போயிருக்கிறது, சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வந்திருப்பேன். அன்று முழுக்க அவர் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடப்பார். அம்மா வீட்டுக்குப் போக என்று ஆரம்பித்தால், ஆசையாக இருக்கிறது என்று அவர் முடித்து, வண்டி வைத்து அனுப்பிவிடுவார். எனக்கு அங்கே போக இஷ்டமே இருக்காது. போய்விட்டு வருவேன். பாதி என்னுடையது, மீதி அவருடையது என்று குடும்பம் ஓடியது. பிறர் கண்ணுக்கு அது ஒற்றுமையாகத் தெரிந்தது. திருத்தலாம்தான். ஆனால் எதற்கு என்று இருக்கும். சாப்பாடு இருந்தது, துணி இருந்தது, அடி இல்லை. நான் சந்தோஷமாக இல்லை, துக்கமாகவும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரிதான் நடந்தேன்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லிவிடுவார். "எல்லாப் பொண்ணுங்களும் நிக்காஹ் அன்னிக்கு ஊமையா உக்காந்திருக்கும். எங்க வீட்டுல அப்படி இல்ல. ரயில் சத்தத்துக்கு நடுவுல, வாயத் தொறந்து, சம்மதம்னு சொன்னவ. கேட்டுப் பாருங்க." வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் டீயைக் கொண்டுவந்து வைப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள், சுராயா. தென்னூரில் பிறந்தவள்; ரயிலை எப்போதாவது பார்த்தவள். ஆனால் பேச்சைக் கற்றுக்கொண்டது என் வாயிலிருந்து. அவளும் நடுவில் நிற்பாள். ஸ்கூலில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நிற்பாள், வாத்தியாரம்மா தெரியவில்லை என்று நினைத்து உட்காரச் சொல்லிவிடுவார். பிள்ளைகள் கேலி செய்தால் வந்து என் மடியில் படுத்துக்கொள்வாள். இருந்த வீட்டிலிருந்து எதையெதையோ கொண்டுவரலாம். நான் கொண்டுவந்து என் பெண்ணுக்குக் கொடுத்தது அந்தத் தண்டவாளத்தை. நினைத்தால் நெஞ்சு வலித்திருக்க வேண்டும். வலித்ததா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளைக்காரன் எப்போது போவான் என்று ஆண்கள் கடைத்தெருவில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த வருஷம், சுராயாவுக்கு மணப்பாறையிலிருந்து சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் அப்துல் மாலிக். மாப்பிள்ளை பெயர் கலீல். மாட்டுச் சந்தைப் பக்கம் தோல் வியாபாரம். அவனுக்கு இது இரண்டாம் தாரம். முதல் மனைவி ஷரீபா பாலக்கரைப் பெண்தான். அவளைத் தலாக் சொல்லி அனுப்பிவிட்டான். அந்தப் பெண்ணுக்கு ஒத்துப்போகத் தெரியவில்லை என்றார் அப்துல் மாலிக். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலிலேயே இருவரும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்று மாலை சுராயா என்னிடம் கிணற்றடிக்கு வந்தாள்.

"எனக்கு வேணாம்மா" என்றாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஏன்?"

"ஷரீபா அக்கா எப்படி உக்காருதுன்னு பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். பாலக்கரையில் ஒரு கல்யாண வீட்டில். ஷரீபா எங்கே போனாலும் முதலில் சுவரைத் தேடுவாள். முதுகைச் சுவரில் முழுக்க ஒட்டி வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். நடுக்கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் கூப்பிட்டாலும் வரமாட்டாள். பின்னால் யாராவது நடந்தால் கையிலிருக்கும் தட்டு விழும். மணப்பாறை வீட்டில் என்ன நடந்தது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. இருந்த வீடு அவள் முதுகில் தெரிந்தது.

"அந்த வீட்டுக்குப் போனா நானும் அப்படி ஆயிடுவேம்மா" என்றாள் சுராயா. "நீ அத்தாகிட்ட சொல்லு."

வீட்டில் சொல்ல முடியாது. அப்துல் மாலிக் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கி, என் வீட்டுக்காரர் கூடவே உட்கார்ந்திருந்தார். அதனால் அடுத்த நாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஜட்கா பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கே போனேன். என்னைக் கடையில் பார்த்ததும் அவர் பதறிப்போய் எழுந்தார். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கடையில் ரங்கநாயகி என்று ஒரு மாமி சிம்னி பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கீறல் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆத்துக்காரியா, சாயபு? பொண்ணுக்கு விவாகமாமே, கேள்விப்பட்டேன். பெருமாள் கடாக்ஷத்துல எல்லாம் க்ஷேமமா நடக்கட்டும்" என்றார் மாமி.

"உங்க ஆசீர்வாதம் மாமி" என்றார் இவர், முகமெல்லாம் பல்லாக.

மாமி போனதும் சொன்னேன். நடுவில் நிற்கக் கூடாது என்று வண்டியிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் நிற்கவில்லை. "சுராயாவுக்கு இந்த எடம் வேணாமாம். பயப்படுறா. நிறுத்திடுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிம்னியைத் துணியால் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சின்னப் பொண்ணு, பயப்படத்தான் செய்யும். நீ பயப்படலையா? ஒரு வாரமா அழுதேன்னு உங்க அம்மாவே சொன்னாங்க. கடைசில என்ன ஆச்சு? வாயத் தொறந்து சம்மதம்னு சொன்னியா இல்லையா? உம் மகளும் சொல்லுவா. அதுவும் இல்லாம, பள்ளிவாசல்ல வச்சு வாக்குக் குடுத்தாச்சு கமரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது அது இல்லை, நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் என்று. அவர் இத்தனை காலமாக ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதை வைத்தே என் பெண்ணை மணப்பாறைக்கு அனுப்பப் பார்க்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கடையில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, அதே ஜட்காவில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து சுராயாவிடம், "வக்கீல் வந்து கேக்குறப்ப நீயே சொல்லிடு" என்றேன். "சம்மதம்ங்கிற வார்த்தையையே வாயில எடுக்காதே. மொத வார்த்தையே வேணாம்னு இருக்கணும்."

"சொல்லிடுவேன்" என்றாள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். வேணாம், வேணாம், வேணாம் என்று கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள். கிணறும் சொன்னது.

நிக்காஹ் அன்று வீடு கொள்ளாத கூட்டம். மணப்பாறையிலிருந்து இரண்டு பஸ் நிறைய வந்தார்கள். கொல்லையில் பிரியாணி தம் போட்டிருந்தது. ஆண்கள் முன்கூடத்தில், நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத்தைச் சுற்றி. பெண்கள் உள்ளறையில். சுராயாவைச் சிவப்புப் பட்டு உடுத்தி நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். என் அம்மாவும் வந்திருந்தாள். அத்தா மௌத்தாகி அடக்கமும் ஆன பிறகு, ரயிலடி வீட்டை விட்டு அவள் எப்போதோ வந்துவிட்டாள். இப்போது உறையூரில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வழக்கமாகவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

வக்கீலாக வந்தவர் அப்துல் மாலிக்தான். சம்பந்தம் பேசினவரே பெண்ணுக்கும் வக்கீல். இரண்டு சாட்சிகளும் பின்னால் நின்றார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து கணீரென்று கேட்டார்.

"ஜெகபர் சாதிக் மகளே சுராயா, மணப்பாறை கலீலுக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்க, என்னை வக்கீலா ஏத்துக்க, உனக்குச் சம்மதமா?"

சுராயா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். கேட்ட கேள்வியின் கடைசி வார்த்தைதான் வாயில் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. அத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும், "எனக்குச் சம்மதம்…" என்றாள்.

நின்றாள்.

ரயில் இல்லை. எங்கள் தென்னூர் வீட்டுக்கு ஏது ரயில்? பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். யாரோ சிரித்தார்கள். "தாயப் போலவே வாய்விட்டுச் சொல்லிடுச்சு பாருங்க!" என்றது ஒரு குரல். திரைக்கு அந்தப் பக்கம் அப்துல் மாலிக், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள் தரையில் நகர்ந்தன. சுராயாவின் வாய் இன்னும் திறந்தபடி இருந்தது. அதை நான் பார்த்தேன். மூலையில் என் அம்மாவும் பார்த்தாள். அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவள் இன்னும் முடிக்கவில்லை என்று.

எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். கால் எழுந்தது, அவ்வளவுதான். திரையை விலக்கிக்கொண்டு, முக்காடு நழுவியது கூடத் தெரியாமல், ஆண்கள் நிற்கிற பக்கம் போய் நின்றேன்.

"போகாதீங்க. உக்காருங்க" என்றேன்.

அப்துல் மாலிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இது? உள்ள போ. பொண்ணு சொல்லியாச்சு."

"அவ இன்னும் முடிக்கல."

"என்ன முடிக்கல? சம்மதம்னு என் காதால கேட்டேன். இவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க."

"அது பாதி. மீதிய சொல்லுவா. உக்காருங்க."

சாட்சிகளில் ஒருவர் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். அது எனக்கு உதவியாக இருந்தது. என்ன தாமதம் என்று பார்க்க என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து வந்தார். என்னை அங்கே பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும். வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அது தெரியும். கொல்லையில் கரண்டி அண்டாவில் இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"…இல்ல" என்றாள் சுராயா.

யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து நின்று, "எனக்குச் சம்மதம் இல்ல பெரியத்தா. வேணாம்" என்று மறுபடியும், நடுவில் எங்கேயும் நிற்காமல் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். அப்துல் மாலிக் கத்தினார். எனக்கும் என் அம்மாவுக்கும் என் ரயிலடி வம்சத்துக்கும் சேர்த்துக் கத்தினார். சாட்சிக்காரர் ஹஜ்ரத்திடம் போய்ச் சொல்ல, அவர், பெண் மாட்டேன் என்ற பிறகு ஓதினால் அது நிக்காஹே இல்லை என்று கையை விரித்துவிட்டார். மணப்பாறைக்காரர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எவனோ விவரம் கெட்டவன் கூப்பிட்டு அடி வாங்கினான். தென்னூர்க்காரர்களும் பாலக்கரைக்காரர்களும் இருந்து சாப்பிட்டார்கள். பிரியாணிக்கு யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை.

என் அம்மா கிளம்பும்போது என்னிடம் வந்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் போல வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். நான் காத்திருந்தேன். மீதியைச் சொல்லாமலே வண்டியில் ஏறிக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீடு காலியாகிவிட்டது. சுராயா அழுது களைத்துத் தூங்கிப்போயிருந்தாள். சுவரை ஒட்டிப் படுக்கவில்லை. கூடத்தின் நடுவில் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்திலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"கமரு" என்றார். "அன்னிக்கு ரயில் வந்துச்சே."

"ஆமா."

"உனக்கும் மீதி இருந்துச்சா?"

இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று கல்யாணமான புதிதில் நினைத்திருக்கிறேன். வந்தால் உடைந்து அழுதுவிடுவேன் என்றும் நினைத்திருக்கிறேன். இப்போது கையில் பாய் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"இருந்துச்சு" என்றேன்.

"என்னன்னு?"

"சுராயா சொன்னதுதான்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். சிம்னி துடைத்துத் துடைத்து வழவழத்துப்போன கைகள். என்னை அடிக்காத கைகள். அதை நான் மறுக்கவில்லை.

"இத்தனை வருஷமா நானு ஊரெல்லாம்…" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. அவர் எனக்கு முடித்துவைக்கிற மாதிரி நான் அவருக்கு முடித்துவைக்கவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கு ஏற்ற வேண்டும். விளக்குக்காரர் வீட்டில் அன்றைக்கு யாரும் விளக்கேற்றவில்லை.

"இப்ப நான் கேக்குறேன்" என்றார். "வக்கீலும் இல்ல, சாட்சியும் இல்ல. நானே கேக்குறேன். இப்பவாவது உனக்குச் சம்மதமா?"

நான் உள்ளே தேடிப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன். அவர் கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது. ஆமாம் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை என்று சொல்ல ஒரு காலத்தில் இருந்ததே, அதுவாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

"தெரியலங்க" என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை. தலையை ஆட்டவும் இல்லை. இன்னும் ஏதாவது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி காத்திருந்தார். அவர் எனக்காக அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நான் சொல்லி முடித்திருந்தேன்.